மனச்சோர்வு நோயும் வைட்டமின் மருந்துகளும்

உடல் தளர்ந்தால் அதற்குச் சத்துக் குறைவே காரணம் என்று கொள்வது மக்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். உள்ளம் தளர்ந்தபோதும் இதே எண்ணம் எழுகிறது. உறக்கம் கெட்டு, உணவில் விருப்பம் குன்றி, எந்த வேலையிலும் மனம் செல்லாமல் வாரக்கணக்கில் வாடுகின்ற ஒருவர் முதலில் நாடுவது பெரும்பாலும் மருந்துக் கடையில் விற்கப்படும் டானிக்கையோ, சத்து மாத்திரையையோ, சத்து ஊசியையோ ஆகும். உறவினரும் அதையே வற்புறுத்துவர். மனநோய் என்று சொல்வதில் உள்ள கூச்சம் சத்துக் குறைவு என்று சொல்வதில் இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாகும்.

வைட்டமின்களால் மனச்சோர்வும் மனப்பதற்றமும் குணமாகுமா? கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் இக்கேள்விக்கு விடை கூற வேண்டியவர்களாக உள்ளனர். ஆம் என்றோ, இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. சிலருக்கு வைட்டமினே மருந்து. வேறு பலருக்கு அதனால் பயனில்லை. இவ்விரு வகையினரையும் பிரித்தறியாமல் மருந்துண்பதால் பொருள் வீணாவதோடு, அதனினும் அரியதான காலமும் வீணாகிறது. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

மனச்சோர்வு நோய் என்பது வந்து மறையும் வருத்தம் அன்று. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், ஏறத்தாழ நாள்தோறும், நாளின் பெரும்பகுதியிலும் நீடிக்கும் துயரமோ, எதிலும் நாட்டமின்மையோ அதன் தலையாய குறியாகும். உறக்கக் கேடு, பசியின்மை, களைப்பு, கவனக் குறைவு, தன்னையே பழித்துக்கொள்ளுதல், சில வேளைகளில் சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை அதனுடன் சேர்ந்து வரும். மனப்பதற்ற நோயில், காரணமின்றியோ காரணத்துக்கு மிஞ்சியோ அச்சம் தோன்றி நெஞ்சு படபடக்கும். வியர்வையும் நடுக்கமும் உண்டாகும். இவ்விரு நோய்களும் பலரிடம் ஒருங்கே காணப்படுகின்றன.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிலையம் 2015-16-ம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்திற்று. வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகின்றனர் என அது தெரிவித்தது. மனநோயுற்றோரில் சிகிச்சை பெறாதவர்கள், நோயின் வகைக்கேற்ப, 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தனர். உரிய சிகிச்சை கிடைக்காத இவ்விடைவெளியிலேதான் டானிக்குகளும் ஊசிகளும் இடம்பெறுகின்றன.

பெல்லக்ரா கற்பித்த பாடம்

மனநிலைக்கும் வைட்டமின்களுக்கும் தொடர்பு உண்டு என்பது கற்பனை அன்று. பெல்லக்ரா என்னும் நோயின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த ஏழை மக்கள் மக்காச்சோள மாவையும், கொழுப்பு மிகுந்த பன்றி இறைச்சியையும், சர்க்கரைப் பாகையுமே பெரிதும் உண்டு வந்தனர். அவர்களிடையே பெல்லக்ரா பரவலாகக் காணப்பட்டது. வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து கறுக்கும், வயிற்றுப்போக்கு உண்டாகும், இறுதியில் புத்தி தடுமாறும். இக்குறிகள் முற்றுவதற்கு முன்னரே உறக்கமின்மையும், பதற்றமும், மனச்சோர்வும் தோன்றுவதுண்டு. இந்நோயினால் மனநோய் விடுதிகளில் சேர்க்கப்பட்டோர் பலர்.

இது தொற்றுநோய் என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். 1914-ம் ஆண்டில் இதனை ஆராயும் பொறுப்பை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கரிடம் ஒப்படைத்தது. மனநோய் விடுதிகளிலும் அநாதை இல்லங்களிலும் தங்கியிருந்தோருக்கு நோய் கண்டதையும், அவர்களோடு நாள்தோறும் பழகிய பணியாளருக்கு அது காணாததையும் அவர் கவனித்தார். தொற்றுநோயாயின் இவ்வேற்றுமை இராது. ஆகவே காரணம் உணவிலேயே இருத்தல் வேண்டும் என முடிவு செய்தார். 1915-ம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலச் சிறைப் பண்ணையொன்றில், விடுதலை அளிப்பதாக வாக்களிக்கப்பட்ட கைதிகளுக்கு மக்காச்சோளம் மிகுந்த குறையுணவு சில மாதங்கள் அளிக்கப்பட்டது. இறுதிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்கு நோய் தோன்றிற்று.

குறைந்திருந்த பொருள் இன்னதென்பது 1937-ம் ஆண்டில் தெளிவாயிற்று. நாய்களுக்கு உண்டாகும் இதையொத்த நோயை நிகோடினிக் அமிலம் குணப்படுத்துகிறது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வேயெம் கண்டார். அடுத்த ஆண்டில் டாக்டர் டாம் ஸ்பைஸும் அவருடைய துணைவர்களும் பெல்லக்ரா நோயாளிகளுக்கு அதை அளித்து, அவர்களுடைய மனக்குழப்பம் விரைவில் நீங்கியதைத் தெரிவித்தனர்.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது ஒன்று. குணமடைந்தோர் அனைவரும் அந்த வைட்டமின் குறைந்திருந்தவர்கள். குறைந்திருந்த பொருள் திரும்பக் கிடைத்ததும், அக்குறைவினால் விளைந்த மனநோய் நீங்கிற்று.

இந்திய ஆராய்ச்சி

இந்தியாவில் உணவுச்சத்து ஆராய்ச்சி 1918-ம் ஆண்டில் நீலகிரியிலுள்ள குன்னூரில், டாக்டர் மக்கரிசனின் தலைமையில், பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாகத் தொடங்கிற்று. அது வளர்ச்சியுற்று 1958-ம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969-ம் ஆண்டில் தேசிய ஊட்டச்சத்து நிலையம் எனப் பெயர் பெற்றது.

ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை உழவரிடையே பெல்லக்ரா காணப்பட்டது. மக்காச்சோளம் உண்போருக்கு வரும் நோய் சோளம் உண்போருக்கு ஏன் வருதல் வேண்டும்? சோளப் புரதத்தில் லியூசின் என்னும் அமினோ அமிலம் மிகுந்திருப்பதே காரணமாகலாம் என்று டாக்டர் கோபாலனும் டாக்டர் ஸ்ரீகாந்தியாவும் 1960-ம் ஆண்டில் கருத்து வெளியிட்டனர். இது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், இந்நோயாளிகளிடம் மனச்சோர்வும், மூளையின் மின்னலைகளில் மாறுதல்களும் இருந்ததை ஹைதராபாத் ஆராய்ச்சியாளர் பதிவு செய்தனர். தோல் நோயெனத் தோன்றும் ஒன்று மனத்தையும் தாக்கவல்லது என்பதற்கு இது நம் நாட்டுச் சான்றாகும்.

பி12 வைட்டமினும் ஃபோலிக் அமிலமும்

பெல்லக்ரா இன்று அரிதாகிவிட்டது. களப்பணியாளர் இன்று பெரிதும் கருத்தில் கொள்ள வேண்டியது பி12 வைட்டமின் குறைவாகும். 1948-ம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட இவ்வைட்டமின் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. தாவர உணவில் இல்லை எனலாம். வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் போதுமானது. ஈரலில் இதன் சேமிப்பு இருப்பதால் குறைவு வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகலாம்.

இரத்தச் சோகை, நாக்குப் புண், பாதங்களில் மரத்தல், நடையில் தள்ளாட்டம், மறதி, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை இக்குறைவின் விளைவுகள். இரத்தச் சோகை இல்லாமலேயே நரம்பு, மனக் கோளாறுகள் தோன்றுவதும் உண்டு. 1988-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இக்குறைவினால் இத்தகைய கோளாறுகளுக்கு ஆளான 141 நோயாளிகளுள் 40 பேரிடம் இரத்தச் சோகையோ, இரத்த அணுக்களின் பருமனோ காணப்படவில்லை. ஆகவே, கண்ணிமையைக் கீழிறக்கிப் பார்த்து, சோகை இல்லை என்று தள்ளிவிடுதல் தகாது.

பாலும் அருந்தாத மரக்கறி உணவினர், முதியோர், இரைப்பையில் அறுவை செய்துகொண்டோர், நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையையும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளையும் பல ஆண்டுகள் உண்போர் ஆகியோரிடம் பி12 குறைவு மிகுதியாகக் காணப்படுகிறது. கீரை, பருப்பு வகைகளிலிருந்து கிடைக்கும் ஃபோலிக் அமிலம் மது அருந்துவோரிடமும், வலிப்பு நோய்க்குச் சில மருந்துகளை உண்போரிடமும் குறையலாம். மதுப்பழக்கம் பி1 வைட்டமினையும் குறைக்கிறது. அதன் விளைவான திடீர்க் குழப்பம் உடனடி சிகிச்சை தேவைப்படும் நிலையாகும். காசநோய்க்கு அளிக்கப்படும் ஐசோனியசிட் பி6 வைட்டமினைக் குறைப்பதால், அதனுடன் சிறு அளவில் பி6 சேர்த்துத் தரப்படுகிறது. இவையெல்லாம் வைட்டமின்கள் மருந்தாகப் பயன்படும் உண்மையான இடங்கள்.

பாடத்தை மிகைப்படுத்தல்

குறைவுள்ளவருக்குச் சிறு அளவு பயன் தருமாயின், குறைவில்லாதவருக்குப் பேரளவு பயன் தராதா? இவ்வெண்ணம் பலரைக் கவர்ந்தது. 1950-களில் கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் ஹாஃபர், ஆஸ்மண்ட் என்னும் மருத்துவர்கள், மனச்சிதைவு நோயாளிகளுக்கு நிகோடினிக் அமிலத்தை நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் அளித்து நற்பயன் கண்டதாக அறிவித்தனர். உடலின் இயல்பான தேவையோ 15 மில்லிகிராம் அளவேயாகும். 1968-ம் ஆண்டில், இருமுறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் இக்கருத்துக்கு ஆதரவு அளித்தார். ஆயினும், பின்னர் ஒழுங்குடன் நடத்தப்பட்ட சோதனைகள் அம்முடிவுகளை உறுதி செய்யவில்லை. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் ஆய்வுக் குழுவும் 1973-ம் ஆண்டில் அதனை ஏற்க மறுத்தது. பெரும் அறிஞர் கூறினார் என்பது மருந்தின் பயனுக்குச் சான்றாகாது.

காரணமும் விளைவும்

மனச்சோர்வு உடையவரின் இரத்தத்தைச் சோதித்தால், வைட்டமின் டி அல்லது ஃபோலிக் அமிலம் பிறரைக் காட்டிலும் குறைந்திருப்பது பல ஆராய்ச்சிகளில் தெரிய வந்துள்ளது. இதிலிருந்து, குறைவே சோர்வுக்குக் காரணம் என்று முடிவு செய்யலாமா? தெருவில் குடைகள் மிகுந்த நாளில் மழையும் மிகுந்திருக்கும். குடைகளை விரித்ததால் மழை பெய்தது என்று எவரும் கூறுவதில்லை. மனம் சோர்ந்தவர் சரிவர உண்பதில்லை. வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. வெயில் படாத தோலில் வைட்டமின் டி உண்டாவதில்லை. இவ்வாறு சோர்வே குறைவுக்குக் காரணமாகவும் இருக்கக்கூடும்.

இதனைத் தீர்மானிக்க ஒரே வழி ஒப்பீட்டுச் சோதனையாகும். சீட்டுக் குலுக்கல் முறையில் மக்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வைட்டமினும், மற்றதற்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையும் தருவர். எது எவருக்குத் தரப்பட்டது என்பது சோதனை முடியும்வரை உண்பவருக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. மனச்சோர்வில் இம்முறை மிகவும் இன்றியமையாதது. ஏனெனில் இந்நோய் சிலரிடம் தானாகவே தணிவதுண்டு; மருந்துண்கிறோம் என்ற நம்பிக்கையும், பிறர் காட்டும் பரிவும் ஓரளவு தெம்பளிப்பதும் உண்டு.

சோதனைகளின் முடிவுகள்

வைட்டமின் டி: அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் உடைய 18,353 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய சோதனையின் முடிவு 2020-ம் ஆண்டில் வெளியாயிற்று. நாள்தோறும் 2,000 அலகு வைட்டமின் டி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உண்டவரிடமும், வெற்று மாத்திரை உண்டவரிடமும் மனச்சோர்வு ஒரே அளவில் தோன்றிற்று. இது நோயைத் தடுப்பது பற்றிய சோதனை. நோயுற்றோரிடம் நடத்தப்பட்ட சிறு சோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

பல சத்துக்களின் கலவை: ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய நாடுகளில், உடற்பருமனும் இலேசான சோர்வுக் குறிகளும் உடைய 1,025 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2019-ம் ஆண்டில் வெளியாயிற்று. மீன் எண்ணெய்ச் சத்து, செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி ஆகியவற்றை ஓராண்டு உண்டதால் மனச்சோர்வு நோய் தடுக்கப்படவில்லை.

ஃபோலிக் அமிலம்: மனச்சோர்வு மருந்துடன் இதைச் சேர்த்தளித்ததில் பெண்களுக்குப் பயன் கண்டதாக, 127 நோயாளிகளைக் கொண்ட பிரிட்டிஷ் சோதனையொன்று 2000-ம் ஆண்டில் தெரிவித்தது. வேல்ஸ் நாட்டில் 475 நோயாளிகளிடம் நடந்து 2014-ம் ஆண்டில் வெளியான பெரிய சோதனையிலோ அத்தகைய பயன் காணப்படவில்லை. மருந்துக்கு இணங்காத 75 நோயாளிகளிடம் மெத்தில்ஃபோலேட் என்னும் வேறு வடிவத்தைச் சேர்த்தளித்து ஓரளவு பயன் கண்டதாக 2012-ம் ஆண்டில் ஓர் அமெரிக்கச் சோதனை கூறிற்று. அச்சோதனையிலும் அது மருந்துக்குத் துணையாகவே தரப்பட்டது. மருந்துக்கு மாற்றாக அன்று.

பி6 வைட்டமின்: பிரிட்டனிலுள்ள ரெடிங் பல்கலைக்கழகத்தில் 478 இளைஞரிடம் நடந்த சோதனை 2022-ம் ஆண்டில் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் வீதம் ஒரு மாதம் உண்டவர்கள், தங்கள் பதற்றம் சிறிது குறைந்ததாகத் தெரிவித்தனர். இது உடலின் தேவையைப் போல ஏறத்தாழ 50 மடங்கு. நோயின் சிகிச்சையாகக் கொள்ள இச்சான்று போதாது.

அளவுக்கு மிஞ்சினால்

பயனில்லாவிடினும் தீங்கில்லையே என்று சிலர் கூறுவர். இது தவறு. பி6 வைட்டமினை நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை உண்ட 7 பேர் நரம்பு கெட்டு நடை தள்ளாடியதை 1983-ம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் விவரித்தனர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ம் ஆண்டில் வயது வந்தோருக்கு இதன் உச்ச அளவை 12 மில்லிகிராம் என்று குறைத்தது. நிகோடினிக் அமிலம் மிகுந்தால் ஈரல் கெடும். வாரம் ஒருமுறை உண்ண வேண்டிய 60,000 அலகு வைட்டமின் டி மருந்தைத் தவறாக நாள்தோறும் உண்டு வந்தால், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி வாந்தியும் சிறுநீரகக் கேடும் விளையும். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் தந்தால் இரத்தச் சோகை தீர்வதுபோல் தோன்றும்; நரம்புக் கேடோ மறைவாக வளரும்.

இவற்றினும் பெரிய தீங்கு காலத் தாழ்வாகும். ஒரு டானிக் தீர்ந்ததும் மற்றொன்று என மாதங்கள் கழியும்போது நோய் முற்றுகிறது. மனச்சோர்வு உயிருக்கே இறுதியாக முடியக்கூடிய நோய் என்பதை மறத்தலாகாது.

இரு எடுத்துக்காட்டுகள்

அறுபது வயதான ஒருவரை எண்ணிக்கொள்க. அவர் மரக்கறி உணவினர். பால் ஒவ்வாது என்று விலக்கியவர். பத்தாண்டுகளாக மெட்ஃபார்மின் உண்பவர். ஆறு மாதமாக மறதியும் சோர்வும் மிகுந்துள்ளன, பாதங்கள் மரக்கின்றன. இவருக்கு பி12 சோதனை அவசியம். குறைவு உறுதியானால் ஊசியோ மாத்திரையோ அவருக்கு உரிய மருந்தாகும். தாமதித்தால் நரம்புக் கேடு நிலைத்துவிடக்கூடும்.

இனி, முப்பத்தைந்து வயதுடைய ஒரு பெண்மணி. பாலும் முட்டையும் உண்பவர். கணவரை இழந்த பின் எட்டு மாதங்களாக உறக்கமில்லை, பிள்ளைகளோடும் பேசுவதில்லை, இருந்தென்ன பயன் என்கிறார். இவருக்கு நான்கு புட்டி டானிக் வாங்கிக் கொடுக்கப்பட்டுள்ளது. இவருக்கு வேண்டியது ஐந்தாவது புட்டி அன்று. மருத்துவரும், மன ஆலோசனையும், தேவையாயின் மனச்சோர்வு மருந்துமே ஆகும்.

முறையீடு இருவருக்கும் ஒன்றே. கேட்டறிந்தாலன்றி வேறுபாடு தெரியாது.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

1. துயரமோ, நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் உள்ளதா எனக் கேட்டறிக.

2. உணவு, மது, முன்னர் செய்துகொண்ட அறுவைகள், இப்போது உண்ணும் மருந்துகள் ஆகியவற்றை விசாரிக்க. கால் மரத்தல், தள்ளாட்டம், நாக்குப் புண் உண்டா எனப் பார்க்க.

3. சந்தேகம் தோன்றினால் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புக. இரத்தச் சோகை, பி12, தைராய்டு ஆகியவற்றின் சோதனைகளை மருத்துவர் தீர்மானிப்பார். தைராய்டுக் கோளாறும் சோர்வையும் படபடப்பையும் உண்டாக்கும்.

4. சாவைப் பற்றிய எண்ணம் உண்டா எனத் தயங்காது, பரிவுடன் கேட்க. கேட்பதால் அவ்வெண்ணம் தூண்டப்படுவதில்லை. உண்டு என்றால், அவரைத் தனியே விடாது உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்க. 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி தொடங்கப்பட்ட அரசாங்கத்தின் டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

5. மனச்சோர்வு மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதை விளக்குக. வைட்டமினை நம்பி அம்மருந்தை நிறுத்துதல் கூடாது.

6. பால், தயிர், பருப்பு, கீரை, வழக்கமுள்ளோர்க்கு முட்டை, மீன் ஆகியவற்றை வலியுறுத்துக. நல்லுணவு அனைவருக்கும் வேண்டும். ஆனால் அது சிகிச்சைக்கு ஈடாகாது.

ஆசிரியர்களுக்கு

ஒப்பீட்டுச் சோதனையின் அடிப்படையை வகுப்பில் எளிதில் விளக்கலாம். நாற்பது மாணவர்களின் உயரத்தைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதச் செய்து, குலுக்கி, இருபது இருபதாகப் பிரித்துச் சராசரி காண்க. இரு சராசரிகளும் பெரும்பாலும் நெருங்கி இருக்கும். பின்னர் நான்கு சீட்டுகளை மட்டும் எடுத்து, இரண்டிரண்டாகப் பிரித்துப் பார்க்க. வேறுபாடு பலமுறை பெரிதாக வரும். சிறு சோதனைகளின் முடிவைப் பெரிய சோதனை ஏன் மாற்றிவிடுகிறது என்பதை மாணவர் இதனால் உணர்வர்.

குறைவினால் வந்த நோயைக் குறைவு நிரப்புதல் தீர்க்கும். வேறு காரணத்தால் வந்த நோய்க்கு அந்நோயின் சிகிச்சையே வேண்டும். இவ்வொன்றை ஊரார் தெளிவாக உணர்வரேல், டானிக் புட்டிகளுக்குப் பின் மறைந்து கிடக்கும் துயரம் உரிய காலத்தில் மருத்துவரை எட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. பெல்லக்ரா தொற்றுநோய் அன்று என்பதை எந்தக் கவனிப்பால் கோல்ட்பெர்கர் அறிந்தார்?

2. மனச்சோர்வு உடையவரிடம் வைட்டமின் டி குறைந்திருப்பதற்கு இருவகை விளக்கங்கள் தருக.

3. இரத்தச் சோகை இல்லாதவரிடமும் பி12 குறைவை ஏன் ஐயுற வேண்டும்?

4. நும் ஊரில் சோர்வுக்கெனப் பயன்படுத்தப்படும் சத்து மருந்துகள் யாவை? அவற்றை உண்போர் மருத்துவரிடம் செல்ல எவ்வளவு காலம் தாழ்த்துகின்றனர் என விசாரித்து எழுதுக.